நிறுவன வரியும் உடையார்பாளையத்து மாணவியும்

கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் ஏதேனும் ஒரு காரியாலயத்தில் சில வாரங்கள் இருந்து தொழில் பழகிவர வேண்டும் என்ற ஏற்பாடு இப்பொழுது எங்கும் பரவிவிட்டது. இந்த இன்டர்ன்ஷிப்புக்கென்று 60 முதல் 120 மணி நேரம்வரை ஒதுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகள் சொல்லுகின்றன. இத்தனை சொற்ப காலத்தில் என்ன கற்றுவிட முடியும், ஜெராக்ஸ் எடுப்பதற்கும் தேநீர் வாங்கி வருவதற்குமே பொழுது சரியாகிவிடுமே என்று பரிகசிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய பரிகாசத்தில் பாதி நியாயம். மற்றப் பாதியை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உடையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, நம் பக்கத்து அரசுக் கல்லூரியொன்றில் பி.காம். படிக்கும் பெண் ஒருத்தி, சென்ற கோடையில் சென்னையிலுள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், கம்பெனிகளின் வருமான வரியைக் கவனிக்கும் பகுதியில், ஒரு மாத காலம் பயின்று திரும்பினாள். தீர்ப்பாயங்களில் நிகழும் வாதப் பிரதிவாதங்களையும், சட்டப் பிரிவுகளுக்கு வியாக்கியானம் செய்யும் நிபுணர்களையும் காணப்போகிறோம் என்ற ஆசையோடு போனவளுக்கு, லெட்ஜரும் வவுச்சர்க் கட்டுகளும் 26ஏஎஸ் என்னும் வரிப்பிடித்தப் பட்டியலுமே கிடைத்தன. மே மாதம் முடிவதற்குள் கடைசிக் காலாண்டின் டி.டி.எஸ். விவரங்களைத் தாக்கல் செய்தாக வேண்டுமாதலால், அலுவலகத்தில் அவளோடு நின்று பேச ஒருவருக்கும் அவகாசமில்லை. ஒரு பட்டியலை மற்றொரு பட்டியலோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாத தொகையைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வாரம் முழுவதும் அவளுக்கு வேலையாக இருந்தது. பாவில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது சிரமமாக இல்லையென்று சொன்னாள்.

என் சிந்தையைத் தூண்டியது அவளுக்குக் கிடைத்த இரண்டாவது வேலை. கம்பெனி ஒன்று லாரி வாடகை கொடுக்கும்போது, பெறுபவர் தனிநபரோ கூட்டுக் குடும்பமோ ஆனால் நூற்றுக்கு ஒன்றும், மற்றவரானால் இரண்டும் வரியாகப் பிடித்து அரசாங்கத்தில் செலுத்த வேண்டும் என்றது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு. ஆனால் அந்த ஆண்டில் எந்தச் சமயத்திலும் பத்துக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை வைத்திராத உரிமையாளர், அதை எழுத்து மூலம் உறுதி கூறித் தம் பான் எண்ணையும் கொடுத்துவிட்டால் பிடித்தம் வேண்டியதில்லை. அந்த உறுதிமொழிக் கடிதங்கள் கிரமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும்படி அவளை உட்காரவைத்தார்கள். கடிதமும் இல்லாமல் பிடித்தமும் செய்யாமல் விட்டிருந்தால், அந்த வாடகையில் நூற்றுக்கு முப்பது பங்கு செலவாக ஒப்புக்கொள்ளப்படாமல் கம்பெனியின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே, இரண்டு லாரிகளை வைத்துக்கொண்டு மாதத் தவணை கட்டத் திண்டாடும் ஒருவர் கையெழுத்திட்ட ஒற்றைக் காகிதம், கோடிக்கணக்கில் புரளும் ஸ்தாபனத்தின் வரியை ஏற்றவோ இறக்கவோ வல்லதாகிறது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதியைச் சிறுவயது முதல் சுவாசித்து வந்த இப்பெண்ணுக்கு, அந்த லாரிகளை நிறுவன வரியோடு பிணைக்கும் கயிறு இன்னதென்பது சென்னையில் போய்த்தான் தெரிந்தது!

இதனினும் அவளை உறுத்திய விஷயம் வேறொன்று. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதில் கண்ட கெடுவுக்குள், அதிகம் போனால் 45 நாட்களுக்குள்ளும், பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அத்தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாமேயன்றி, வாங்கிய ஆண்டிலே கழிக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் 43பி பிரிவில் சேர்க்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதி இது. இந்த விதிக்காகக் கடன்காரர் பட்டியலில் நாள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கையில், நெய்து கொடுத்த சேலைக்குப் பணம் எப்போது வரும் என்று தன் தகப்பனார் காத்திருந்த மாதங்கள் நினைவுக்கு வந்தனவாம். கூலிக்கு நெய்பவருக்கு இந்த விதி எளிதில் எட்டுவதில்லை. சொந்தமாக நெய்து விற்பவரும் உத்யம் பதிவு செய்துகொண்டால்தான் இதன் பலனை அடையலாம். இந்தச் செய்தியைத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு மாதப் பயிற்சியின் பிரயோஜனம் என்ன என்று கேட்பவர்களுக்கு, வேறு சாட்சியம் நான் தேடவேண்டியதில்லை.

வரி விகிதத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பல சலுகைகளைத் துறந்து 115பிஏஏ பிரிவைத் தேர்ந்துகொண்ட உள்நாட்டுக் கம்பெனிக்கு வரி நூற்றுக்கு 22, அதன்மேல் பத்து சதவிகிதம் உபரி வரி, இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் நான்கு சதவிகிதம் செஸ், ஆக 25.17. இது 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் வாயிலாக வந்த விகிதம். இவற்றுள் 22 மட்டுமே மாநிலங்களோடு பங்கிடப்படும் தொகுப்பில் சேரும். எஞ்சிய மூன்றேகால் சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைந்த பகுதி மத்திய அரசுக்கே உரியது. 2000-ஆம் ஆண்டின் 80-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முன்போ நிறுவன வரி முழுவதும் டில்லிக்கே சொந்தமாயிருந்தது. அது மாநிலங்களோடு பகிரத்தக்கது என்று சென்னையிலிருந்து ராஜமன்னார் குழு 1971-லேயே சிபாரிசு செய்தது. சுண்ணாம்புக்கல் விஷயமும் இத்தகையதே. அதற்காகக் கம்பெனிகள் அரசுக்குக் கட்டும் ராயல்டியும் வரியே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது, இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி தமிழ்நாட்டு அரசின்மீது தொடுத்த வழக்கிலேயாகும். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது வரி அன்று என்றும், கனிம நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்றும் 2024 ஜூலை 25-இல் மாற்றிச் சொன்னார்கள். அதன் பிறகு, 2025 ஏப்ரல் முதல், சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு ரூ.160 வீதம் தமிழ்நாட்டு அரசு வரி விதித்து வருகிறது. நம் அரியலூர் ஜில்லாவின் பூமியைத் தோண்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னும் எந்தக் கணக்கில் எவ்வாறு ஏறுகிறது என்று அறிய விரும்பும் மாணவருக்கு, இவற்றைவிடச் சிறந்த பாடப் புத்தகம் அச்சாகவில்லை.

அப்படியிருக்க, கோவிந்தபுரத்திலும் ரெட்டிப்பாளையத்திலும் கீழப்பழுவூரிலும் தளவாயிலும் சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கையில், அரசாங்கத்துக்கே சொந்தமான சிமெண்ட் ஆலை அரியலூரில் இருக்கையில், அவற்றின் வரிக் கணக்கைக் கற்பதற்கு உடையார்பாளையத்துப் பெண் சென்னைக்கு ஏன் போகவேண்டும் என்பதே என் கேள்வி. தலைமை அலுவலகம் மும்பையிலோ வேறெங்கோ இருக்கிறது, வரிக் கணக்கு அங்கேதான் முடிவாகிறது என்பார்கள். முடிவாவது எங்கேயாயினும், எடைமேடைச் சீட்டும், லாரி ரசீதும், கனிம அனுமதிச் சீட்டும் பிறக்குமிடம் இதுவேயன்றோ? மேலும், 2020 ஆகஸ்ட் முதல் வருமான வரி இலாகாவே முகமில்லா மதிப்பீட்டு முறையைக் கைக்கொண்டு, எந்த ஊர் அதிகாரி எந்தக் கம்பெனியின் கணக்கைப் பரிசீலிக்கிறார் என்பது கம்பெனிக்கே தெரியாதபடி செய்துவிட்டது. அதிகாரிக்கே ஊர் வேண்டாமென்று ஆன பிறகு, மாணவருக்கு மட்டும் சென்னை எதற்கு? நம் தாலுகாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராயிருந்த நாளில், புரவுவரித் திணைக்களம் என்ற இலாகாவும், வரிப்பொத்தகம், முகவெட்டி என்ற பதவிகளை வகித்தவர்களும் ஒரு பேரரசின் இறைக் கணக்கைப் பேணி வந்தார்கள் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. சுங்கம் தவிர்த்தான் என்று பெயர் பெற்ற முதற் குலோத்துங்கனின் தலைநகரமும் அதுவே. பழம்பெருமை பேசுவதில் எனக்கு மோகமில்லை. ஆனாலும் கணக்கு எழுதுவது பட்டணத்துக்கே உரிய வித்தை என்று இந்த மண்ணில் பிறந்தவர்கள் ஒப்புக்கொள்வது விந்தையே.

செலவைப் பற்றிய பேச்சு கசப்பானது. அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை ஒரு காசும் இல்லை. விடுதிக்கும் பஸ்ஸுக்கும் வீட்டார் கடன் வாங்கினார்கள். 2024 அக்டோபரில் ஆரம்பிக்கப்பட்ட பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் ரூ.5,000 என்று அறிவித்தது மெய். ஆனால் அது அப்போது முழுநேரம் கல்லூரியில் படிப்பவருக்கு உரியதாக இருக்கவில்லை. நிகர லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டுமென 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தால் விதிக்கப்பட்ட பெரிய ஆலைகள், பள்ளிக்குச் சுவரும் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தருவது நல்லதே. அந்தத் தொகையில் ஒரு துளியை, தத்தம் ஆலையின் கணக்குப் பகுதியிலும் அரியலூர், ஜெயங்கொண்டம் ஆடிட்டர்களிடத்திலும் பயிலும் மாணவர்களின் உணவுக்கும் பயணத்துக்கும் அளிப்பது அவர்களுக்குப் பெரிய பாரமாகாது.

ஒரு மாதப் பயிற்சி ஒருவரை ஆடிட்டராக்கிவிடாது. அதற்குரிய ஆர்ட்டிகிள் பயிற்சி, 2023 ஜூலையில் குறைக்கப்பட்ட பிறகும், இரண்டு வருஷம். சுதந்திரப் போராட்டத்தில் ஓராண்டு வேலூர்ச் சிறையிலிருந்த ஆர். சிவபோகம், வெளியே வந்து, சி. எஸ். சாஸ்திரி என்ற சென்னைக் கணக்காயரிடம் தொழில் பயின்று, 1933-இல் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமா பெற்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காயரானார். அந்தக் காலத்தில் அவரை ஏற்றுக்கொண்டு கற்பிக்க ஒருவர் முன்வந்தாரென்பதை நான் விசேஷமாகக் கருதுகிறேன். திறமை எந்தத் தெருவில் பிறக்கும் என்று நிர்ணயிக்க முடியாது. அது நுழைய ஒரு வாசலைத் திறந்து வைக்கலாம்.

உள்ளூர் ஆலைகளிலேயே பயிலலாம் என்ற இந்த யோசனையைச் சொன்னபோது உடையார்பாளையத்துப் பெண்ணே ஆட்சேபம் எழுப்பினாள். சென்னையில் பார்த்த கடிதங்களில் வெறும் பெயர்கள்தாம் இருந்தன; இங்கே என்றால் அந்த லாரிக்காரர் எதிர்வீட்டு மாமாவாக இருப்பார், யாருக்கு எவ்வளவு பாக்கி, எவர் எத்தனை வண்டி மறைத்தார் என்று சாயங்காலமே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் கர்வம் என்பார்கள் என்றாள். இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுவது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். ஆனால் சட்டம் ஆடிட்டரைக் கட்டுமே ஒழிய எதிர்வீட்டு மாமாவைக் கட்டாது. ஆகையால் மாணவரை அவரவர் ஊருக்கு அடுத்த ஆலைக்கு அனுப்பாமல், உடையார்பாளையத்தவரைத் தளவாய்க்கும் செந்துறைப் பக்கத்தவரைக் கீழப்பழுவூருக்கும் மாற்றி அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் பஸ் வசதி வேண்டும் என்றாள்.