மாமி கொண்டு வந்த மஞ்சள் பூ

சென்ற வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மாமி ஒரு தாம்பாளம் நிறையப் பச்சைக் கொடியும் மஞ்சள் பூவுமாக எங்கள் வாசற்படி ஏறி வந்தார்.

"பூங்காவிலே கொட்டிக் கிடக்கிறதடி! மஞ்சள் கரிசலாங்கண்ணி! காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு. பாதியை எண்ணெய் காய்ச்சப் போகிறேன். மீதியைப் பருப்புப் போட்டுக் கூட்டுப் பண்ணிக் கமலிக்குக் கொடுக்கலாம்" என்றார்.

கமலி அவருடைய பெண். ஏழாம் மாதம்; வளைகாப்பு முடிந்து பிறந்த வீடு வந்திருக்கிறாள்.

தாம்பாளத்தை வாங்கிப் பார்த்தேன். சகோதரிகளே, அது மஞ்சள் கரிசலாங்கண்ணியே இல்லை!

மாமியைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே கிளையில் பிறந்தவை. முன்பு இரண்டையும் வெடேலியா என்றே அழைத்தார்கள். 1996-ல் இரண்டையும் சேர்த்தே ஸ்பாக்னெட்டிகோலா என்ற வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டும் தரையில் படரும். கணுவுக்குக் கணு வேர் விடும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூவை ஏந்தி நிற்கும். ஒரு நர்சரியில் நானே கேட்டபோது, மாமி பறித்த அதே செடியைத்தான் "மஞ்சள் கரிசாலை" என்று தொட்டியோடு எடுத்து நீட்டினார்கள்!

பூங்காவிலும் சாலை நடுவிலும் அழகுக்காக நட்டிருப்பது அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த செடி. அதற்குச் சிங்கப்பூர் டெய்ஸி என்று ஒரு பெயர் உண்டு, பெயரில்தான் சிங்கப்பூர்! வெட்டி எறிந்த துண்டு கூட ஈரம் கண்டால் பிழைத்துக் கொள்ளும். உலகில் மிக மோசமாக ஆக்கிரமிக்கும் நூறு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. இதைத் தின்ற மாடுகளுக்குக் கரு கலைந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு அதைச் சமைத்துப் போட யாருக்கு மனம் வரும்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பூவை நம்பாதீர்கள். சாமந்தியைப் போலவே இதிலும் ஒரு பூ என்று நாம் சொல்வது பல சிறு பூக்கள் கூடிய கூட்டம். ஓரத்தில் இருக்கும் மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் தனிப் பூ. அவற்றை எண்ணி முடிவு செய்ய முடியாது. எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

இலையைப் பாருங்கள். நம் ஊர் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். அகலம் பெரும்பாலும் ஒரு விரலுக்குள் அடங்கிவிடும். ஓரம் மழுப்பலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பல்லோடு இருக்கும். தடவினால் சொரசொரக்கும். அந்நியச் செடியின் இலையோ அகலம். எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும், சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். இரு பக்கமும் தோள் மாதிரி ஒவ்வொரு மடல் புடைத்து, மூன்று பிரிவாகத் தெரியும். ஓரத்தில் பல் பெரிது பெரிதாக இருக்கும். ஆனால் ஒன்று: சில இலைகளில் அந்தத் தோள் சரியாக எழும்பாது. ஒரே இலையைக் கிள்ளிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், கொடி நெடுகப் பத்து இலையாவது பாருங்கள்.

அசல் செடி வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தை நாடி வளரும். அதன் பெருமை பாட்டிமார் சொன்னதோடு நிற்கவில்லை. 1956-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாக்களும், அதிலிருந்து பிரித்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பைக் கண்டு வெளியிட்டார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அந்தப் பொருள் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் மாமியின் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்போது எண்ணெய்க்கு என்னடி செய்வது?" என்றார். வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி இருக்கவே இருக்கிறதே! அதில் இந்தக் குழப்பம் கிடையாது. சின்ன வெள்ளைப் பூ. இலையை உள்ளங்கையில் கசக்கினால் சிறிது நேரத்தில் சாறு கறுத்துவிடும். மார்க்கெட்டில் கீரைக்காரியிடம் சொல்லி வைத்தால் கொண்டு வருவாள். கூட்டுப் பண்ணும் யோசனையை மட்டும், கமலியின் டாக்டரைக் கேட்டுவிட்டு வைத்துக் கொள்ளச் சொன்னேன். அசல் சரக்கானாலும் அந்தச் சமயத்தில் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மாமி தாம்பாளத்தை நேரே குப்பைத் தொட்டிக்குக் கொண்டு போனார். கொல்லைப் பக்கம் மட்டும் கொட்டிவிட வேண்டாம் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன்.