பட்டிக்குக் கீழே

அம்பாசிடர் காரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் நினைவோடைக் குறிப்புகளை நாங்களும் விரும்பி வாசிப்பவர்கள்தான். ஒன்பது பேர் நெருக்கியமர்ந்து குலதெய்வக் கோயிலுக்குப் போனது, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்க்கம்பி, மழைக்கு ஒழுகும் கதவு எல்லாம் அவற்றில் வந்துவிடும். வராத ஒன்று உண்டு: ரப்பர் மிதியடிக்குக் கீழே இருக்கும் தகடு. அதைத் தூக்கிப் பார்க்காமல் அந்த வண்டியை நேசிப்பது எளிது.

எங்கள் வீட்டில் 1984ஆம் ஆண்டின் மார்க் 4 ஒன்று இன்றும் தினமும் ஓடுகிறது. காலையில் பள்ளி, பிறகு அலுவலகம், மாலையில் காய்கறி. குடியிருப்பதோ திருவான்மியூரில், கடலுக்கு நடந்துபோகும் தொலைவில். ஈரத்தில் உப்பும் கலந்தால் துரு விரைந்து பரவும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அதற்கே காப்பாகிவிடுகிறது. இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பெயிண்டை உள்ளிருந்து நெம்பும். மேலே ஒரு கொப்புளம் தெரியும்போது கீழே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கதவின் அடிவிளிம்பிலும் அதற்குக் கீழேயும் அத்தகைய கொப்புளங்கள் தோன்றின. ஒரு பட்டறையில் விட்டோம். பத்து நாளில் வண்டி கண்ணாடிபோல் திரும்பி வந்தது. (படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.) அடுத்த வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் அதே இடங்கள் மீண்டும் புடைத்தன. வேறொரு டிங்கர் திருப்புளியால் லேசாகத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் தகடே இல்லை.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி வந்த இவ்வண்டிக்கு, லாரிக்கு இருப்பதுபோன்ற தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதியும் உடற்கூட்டோடு சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. அங்கே பிடிக்கும் துருவை அழகுக் குறை என்று ஒதுக்க முடியாது. ஜாக்கி வைத்தால் வண்டி எழாமல் தகடு உள்வாங்கும். அந்தத் தரையின் மேல்தான் குழந்தைகள் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

பட்டியின் மேல் எங்களுக்குப் பகையில்லை. வெட்டி, வெல்டிங் செய்த தகட்டின் மேடுபள்ளங்களை நிரவ அது வேண்டும். ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்துவது மோசடி. ஆனால் பட்டறைக்காரரை மட்டும் சொல்லிப் பயனென்ன? நாங்கள் கேட்டதும் பளபளப்பைத்தானே! கண்ணுக்குத் தெரியும் பெயிண்டுக்கு எடுத்துக்கொடுக்கும் பணத்தை, ஒருவரும் பார்க்கப்போகாத வெல்டிங்குக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பழைய வண்டி மீதான பாசத்தை முதலில் கேள்வி கேட்கவேண்டியது இந்த இடத்தில்தான்.

உத்தர்பாராவில் 2014இல் உற்பத்தி நின்றுவிட்டது. பாகங்களைப் புதுப்பேட்டையில் தேடவேண்டும், அல்லது புதுத் தகட்டை அளவெடுத்து மடக்கவேண்டும். இரண்டையும் செய்தோம். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் மண்ணும் பட்டியும் அடைத்திருந்தன. கண்ணாடி வழியே இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியிருக்கிறது. இப்போது மாதமொருமுறை கம்பியால் குத்திவிடுகிறோம்.

ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கிறது. முழுப் பெயிண்ட் எப்போது என்று பள்ளி வாசலில் கேட்கிறார்கள். இன்னும் இரண்டு மழைக்காலம் போகட்டும் என்கிறோம்.