மேசையைக் காட்டாத படம் ஆட்களைச் சேர்க்காது

"ஒரு நல்ல படம் வந்தால் போதும், எல்லாரும் விளையாட வந்திடுவினம்." டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் பற்றிக் கதை எடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். இது பிழையான நம்பிக்கை. அதுவும் விளையாட்டைக் கையில் வைத்திருக்கும் கம்பனிக்கு மட்டுமே வசதியான பிழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய விளையாட்டு இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பினம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறன்" எண்டு ஒருவர் சொன்னால் 20 முகத் தாயக்கட்டை உருளும். கதவு உடையுதா, இவருடைய தோள்மூட்டு விலகுதா என்பதை விழுகிற எண் சொல்லும். அடுத்து என்ன நடக்கும் எண்டு கதை நடத்துபவருக்கே முழுசாகத் தெரியாது. விளையாட்டின் உயிர் அதுதான்.

இப்ப 2023இல் வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' படத்தை எடுங்கோ. மோசமான படம் இல்லை. போடுகிற திட்டமெல்லாம் பிழைத்துப்போக அடுத்த திட்டத்துக்கு ஓடுகிற அந்தக் கூட்டம், இறந்தவரை எழுப்பி ஐந்து கேள்விகளையும் வீணாக்குகிற அந்தச் சுடலைக் காட்சி, இதெல்லாம் விளையாடினவர்களுக்கு நன்றாகவே விளங்கும். ஆனால் விளையாடாதவருக்கு? அவருக்கு அது இன்னொரு மாயாஜாலப் படம். சிரிச்சார், பொப்கோர்ன் சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். இதற்குப் பின்னால் ஒரு மேசை இருக்கு, அதில் தனக்கும் ஒரு கதிரை இருக்கு எண்டு படம் அவருக்குச் சொல்லவே இல்லை. சுமார் 150 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க 208 மில்லியன் அளவில்தான் வசூலித்தது. தியேட்டர்காரரின் பங்கைக் கழித்தால் அது லாபக் கணக்கே இல்லை.

"அப்ப ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்?" எண்டு கேட்பீர்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் அது என் பக்கச் சாட்சி. 2016இல் வந்த அந்தத் தொடர் தொடங்கியதுமே நாலு பெடியள் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து விளையாடுகிறார்கள். அதில் டிராகனை விட அந்த மேசைதான் முக்கியம். பார்க்கிறவனுக்கு "இதை நானும் செய்யலாம்" எண்டு தோன்றுகிறது. 2015இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோலும் அப்படித்தான். குரல் நடிகர்கள் சிலர் தாங்கள் விளையாடுவதை மணிக்கணக்காக அப்படியே ஒளிபரப்பினார்கள். அவர்கள் கதையைக் கார்ட்டூனாக்க 2019இல் ரசிகர்களிடம் காசு கேட்டபோது 11 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்தது. ஒழுங்கைக் கவனியுங்கோ: முதலில் மேசை, பிறகு கூட்டம், கடைசியில்தான் திரை.

இன்னொரு கணக்கும் இருக்கு. 2000இலும் 2023இலும் ஒரு படமும் வந்தது, ஒரு உரிம விசயமும் வந்தது. 2000இல் வந்த படம் படுதோல்வி, போட்ட 45 மில்லியன்கூடத் திரும்பவில்லை. ஆனால் அதே ஆண்டில் விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கம்பனி விளையாட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டு, அதன் அடிப்படை விதிகளை வைத்து யாரும் புத்தகம் எழுதி விற்கலாம் எண்டு திறந்த உரிமமும் கொடுத்தது. படம் விழுந்தது, விளையாட்டு வளர்ந்தது. சின்னச் சின்னப் பதிப்பாளர்கள் நிறையப் பேர் அந்த உரிமத்தில் பிழைத்தார்கள்.

2023 ஜனவரியில் அந்த உரிமத்தையே செல்லாததாக்கும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. 7,50,000 டொலருக்கு மேல் வருமானம் வந்தால் மேலதிகத் தொகையில் 25 வீதம் வரை கம்பனிக்குக் கட்டவேணும் எண்டும் அதில் இருந்தது. படம் வர இன்னும் மூன்று மாதம்கூட இல்லை! ஒரு கையால் திரையில் அழைப்பு, மற்றக் கையால் வீட்டுக்குள் இருப்பவர்களின் சட்டைப்பையில் கை. ஆட்டக்காரர்கள் விடவில்லை. கம்பனியின் இணையச் சந்தாக்களை வரிசையாக வெட்டினார்கள், சிலர் படத்தையும் புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்த மாதம் முடியமுதல் கம்பனி பின்வாங்கி, சுமார் 400 பக்க அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. அதை இனித் திருப்பி எடுக்க ஏலாது.

அந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஈவன் நிறுவனத்துக்கு என்ன நடந்தது? விசர்ட்ஸின் தாய்க் கம்பனியான ஹாஸ்ப்ரோ 2019இல் ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு ஈவனை வாங்குவதாக அறிவித்தது. 2023இல் அதன் படத்துறைப் பகுதியை லயன்ஸ்கேட்டுக்கு 500 மில்லியன் அளவில் விற்பதாக அறிவித்தது. அந்த டிசம்பரில் 1,100 பேரை வேலையால் நிறுத்துவதாகவும் சொன்னது. படத்தை நம்பி விளையாட்டை வளர்க்கும் வழி இதுதான் என்றால், அந்த வழி எங்களுக்கு வேண்டாம்.

படம் பார்க்காதீர்கள் எண்டு நான் சொல்லவில்லை. பாருங்கோ, நல்லாச் சிரியுங்கோ. ஆனால் படம் எங்களைப் பார்வையாளராக மட்டும்தான் கூப்பிடும். இந்த விளையாட்டு கூப்பிடுவது கதை சொல்ல. இரண்டும் ஒன்றில்லை. சின்ன வயதிலிருந்தே மற்றவன் எடுத்த படத்தை, மற்றவன் மொழியில் பார்த்துப் பழகின எங்களுக்கு இந்த வித்தியாசம் சின்ன விசயமும் இல்லை.

அந்த 400 பக்கமும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் தமிழாக்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 20 முகத் தாயக்கட்டை கிடைக்காவிட்டால் ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதிய துண்டுகளைக் குலுக்கிப் போடுங்கோ. அடுத்த படம் எப்ப வரும் எண்டு கேட்கிறதை விட்டிட்டு, இந்தச் சனிக்கிழமை யார் யார் வருவினம் எண்டு கேளுங்கோ. நாலு பேர் போதும்.