உப்புநீர் ஆவியும் ஊதும் பம்பும்

பிரிட்டனில் 288 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2025 செப்டம்பரில் வெளியாயிற்று. மூச்சுக்குழல்கள் பழுதாகி விரிந்து சளி தேங்கும் ‘பிராங்கியெக்டாசிஸ்’ நோயாளிகள், 6 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைத்து ஓராண்டு உள்ளிழுத்தும், நோய் முற்றும் தடவைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே அதன் சாரம்.

அதைக் கேட்டு மெஷினைப் பரணில் ஏற்றிவிடத் தேவையில்லை. அங்கே எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமான சிகிச்சை ஏற்கெனவே உண்டு. அந்நாட்டில் வழக்கமான சிகிச்சை என்றால், சளியை வெளியேற்றும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்பதும் அதில் சேர்ந்ததே. அதற்கு மேல் உப்புநீர் எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் அங்கே கேள்வி. நம் நாட்டில் அந்த அடிப்படையே பலருக்குக் கிடைக்கவில்லை.

நம் நிலைமை எத்தகையது? இந்தியாவில் இந்நோயுள்ள 2,195 பேரின் விவரங்களைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வில், 35.5 சதவீதத்தினருக்குக் காரணம் பழைய டி.பி. என்று கண்டார்கள். மும்பைத் தமிழர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சிவ்ரி ஆஸ்பத்திரியின் பெயரை அறியாத தாராவிக் குடும்பம் குறைவு. மாத்திரைகள் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டால், நோயாளி குணமானவர் ஆகிவிடுகிறார். 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட சத்துணவு உதவியும் சிகிச்சைக் காலத்தோடு சரி. கிருமி போனாலும் தழும்பு போவதில்லை. விடியற்காலையில் கிண்ணம் நிறையச் சளி துப்பிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களின் கணக்கு எந்த ரிஜிஸ்தரிலும் ஏறுவதில்லை.

உப்புநீர் செய்யும் வேலை எளியது. உப்பு தண்ணீரை இழுக்கும். கெட்டிச் சளி இளகும், இருமலும் தூண்டப்படும். ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு ஆடிய ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ நோயாளிகளின் நுரையீரல் மற்றவர்களுடையதைவிட நன்றாயிருப்பதைக் கண்டுதான் டாக்டர்களுக்கு இதில் ஆர்வம் பிறந்தது. அந்நோய்க்கு இதனால் பயன் உண்டு என்பது 2006-ல் வெளியான ஆராய்ச்சியில் உறுதியாயிற்று.

ஆனால் காரமான உப்புநீர் சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி இழுப்பை உண்டாக்கும். ஆகவே முதல் தடவை டாக்டர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். வழக்கமான வரிசை இது: முதலில் குழலை விரிக்கும் சால்புடமால் போன்ற பம்ப், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து உப்புநீர், பிறகு மூச்சுப் பயிற்சி. மூன்று நான்கு முறை ஆழ்ந்து மூச்சிழுத்துச் சற்றே நிறுத்தி, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல் வாயைத் திறந்து ‘ஹா’ என்று விட்டால் சளி மேலே ஏறும். அதைத் துப்பிய பின்னரே ஸ்டீராய்டு பம்ப். அதன்பின் வாய் கொப்பளிப்பு. சளி அடைத்திருக்கும்போது ஸ்டீராய்டை உறிஞ்சினால் மருந்து சளிமேல்தான் படியும். நம்மில் பலர் மெஷினைப் போட்டு ஆவி நின்றதும் எழுந்து போய்விடுகிறோம். பாதி வேலை அங்கேயே நின்றுவிடுகிறது.

வீட்டில் சமையலுப்பைக் கரைத்து மெஷினில் ஊற்றுவது ஆபத்து. கோப்பையையும் மாஸ்க்கையும் தினமும் கழுவி உலர்த்த வேண்டும். பக்கத்து அறைக்காரருக்கு இரவல் தரக்கூடாது. சளியில் ரத்தம் கண்டால் உப்புநீரை நிறுத்தி உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பம்ப் பழகிவிட்டால் விடாது என்ற பயம் சாலுக்குச் சால் உண்டு. சால்புடமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்பின் ஓர் அழுத்தம் 100 மைக்ரோகிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரையை அஞ்சாமல் விழுங்குகிறவர்கள் பம்புக்கு அஞ்சுவது வேடிக்கைதான்.

விலையையும் பார்ப்போம். 2024 அக்டோபரில், கட்டுப்படியாகவில்லை என்ற உற்பத்தியாளர்களின் முறையீட்டை ஏற்று, எட்டு மருந்துகளின் உச்ச விலையை மத்திய விலை ஆணையம் 50 சதவீதம் உயர்த்திற்று. அவற்றில் சால்புடமால் மாத்திரையும் நெபுலைசரில் ஊற்றும் கரைசலும் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாயிற்று. ஒரு கை எடுத்ததில் கொஞ்சத்தை மறு கை திருப்பித் தந்திருக்கிறது.

எனினும் இதில் பெரிய குறை விலையல்ல என்பதே நம் கருத்து. ‘ஹா’ என்று ஊதக் கற்றுத்தர மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். அரை மணி நேரம் சொல்லித்தர ஓர் ஆள் போதும். பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. டி.பி. சிகிச்சை முடிந்தும் இருமல் நிற்காதவரைக் கடைசி மாத்திரையுடன் சீட்டெழுதி அங்கே அனுப்ப மாநகராட்சிக்குப் புதிய செலவு அதிகமிராது. ஓ.பி. நேரம்தான் தகராறு. காலையில் வரிசையில் நின்றால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போயிற்று. வாரத்தில் ஒரு நாள் மாலை அந்தப் பிரிவைத் திறந்து வைக்கும்படி நம் சங்கங்கள் வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.