அகன்ற டயரின் மோகம்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற கனத்த மோட்டார் சைக்கிள்களின் பின் டயர் தேய்ந்ததும், தோற்றத்தின் கம்பீரம் ஒன்றையே கருதி, "ஒரு சைஸ் பெரிசாப் போடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் வழக்கம் இளைஞரிடையே பரவி வருவது எனக்கு மிகுந்த விசாரத்தை அளிக்கிறது.

இப்போது வரும் கிளாசிக்கின் பின் டயரில் காணும் 120/80-18 என்னும் எண்களில், முதலாவது மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது அவ்வகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. கடைசியானது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதற்குப் பதிலாக 130/80-18 மாட்டினால், பக்கச் சுவரும் 96 மில்லிமீட்டரிலிருந்து 104 ஆக உயர்ந்து, சக்கரத்தின் விட்டம் 16 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. அதனினும் விபரீதம், குறுகிய ரிம்மில் அகன்ற டயர் இரு விளிம்பிலும் நெருக்குண்டு, நடுப்பகுதி புடைத்து, தரையைப் பற்றும் பரப்பு எதிர்பார்த்தபடி பெருகாமல், வளைவில் வண்டியின் சுபாவமே மாறிப்போவதாகும். செயினுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியோ இன்னும் குறுகும்.

அளவை அடுத்து வரும் 62பி என்ற குறியை எவரும் கவனிப்பதில்லை. 265 கிலோ பாரத்தையும் 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும் சக்தியை அது குறிக்கிறது. டயர் மாற்றப் போகும் அன்பர்களே, வண்டியின் கையேட்டில் உள்ள அளவையும் குறியையும் தாளில் எழுதிச் சென்று, அதையே கேட்டு வாங்குங்கள்.