கண்ணாடியைக் கழற்றிய பிறகு



இயக்குநர் ஷங்கரின் ‘2.0’ திரைப்படம் 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. அடுத்த சில நாட்கள் திருவண்ணாமலையில் நம் மாலை மக்தபுக்கு வந்த பிள்ளைகளிடையே அதைத் தவிர வேறு பேச்சில்லை. சென்னைக்கு உறவினர் வீட்டுக்குப் போய், முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து அதைப் பார்த்துவந்த மாணவன் ஒருவன், “ஹஜ்ரத், அந்தப் பறவை நேரா என் முகத்துக்கே வந்துச்சு. தலையைக் குனிஞ்சிட்டேன்” என்றான். அவன் கண்களில் இருந்த வியப்பைக் கண்டபோது கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை.

திரைப்படம் பார்ப்பது குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் பலமுறை விளக்கியுள்ளனர். அதை இங்கு மீண்டும் எழுதப் போவதில்லை. ஒரு படம் பிள்ளையின் உள்ளத்தை இவ்வளவு வலுவாக ஆட்கொள்வது எப்படி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதே நம் சிந்தனைக்குரியது.

அப்படம் தொடக்கத்திலிருந்தே முப்பரிமாணக் கேமராக்களால் எடுக்கப்பட்டது. ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியின் திட்டப்படி, சில அரங்குகளில் இருக்கைகளுக்கு அடியிலும் ஒலிபெருக்கிகள் பொருத்தப்பட்டன. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குச் சற்றே விலகிய இன்னொரு படம். இரண்டையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழம் தோன்றுகிறது. இது மனிதன் புதிதாகப் படைத்த ஆற்றல் அன்று. நம் இரு கண்களும் குழந்தைப் பருவத்திலிருந்தே செய்துவரும் வேலையே இது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், இரு கண்கள் பெறும் காட்சி ஒன்றாக இணைவதை ஆராய்ந்திருக்கிறார். பல கோடி செலவிட்டு அரங்கில் காட்டப்படும் விந்தையின் மூலக் கருவியை வல்ல அல்லாஹ் ஒவ்வொரு குழந்தைக்கும் விலையின்றி வழங்கியிருக்கிறான்.

கதைக்கு வருவோம். பறவைகளை நேசிக்கும் முதியவர் பட்சிராஜன். செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று மன்றாடுகிறார், கேட்பாரில்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். பின்னர் செல்பேசிகளால் ஆன மாபெரும் பறவையாக வந்து பழிதீர்க்கிறார். நடிகர் அக்ஷய் குமார் ஏற்ற அவ்வேடத்தின் தோற்றம், பறவையியல் அறிஞர் சாலிம் அலியை நினைவூட்டியதைப் பலரும் சுட்டிக்காட்டினர்.

அந்த உண்மை மனிதரின் வரலாறு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1896ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இதை உண்ணலாமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் ஓடினார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வழிகாட்டினார். ஆகுமா, ஆகாதா என்று ஒரு சிறுவன் கேட்ட கேள்வி, வாழ்நாள் முழுவதற்குமான கல்வியாக விரிந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1987ஆம் ஆண்டு, தமது 90ஆம் வயதில் மறைந்தார். இன்று கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் இயங்குகிறது.

திரையில் வந்தவர் நம்பிக்கையிழந்து, மார்க்கம் தடுத்த முடிவைத் தேடினார். உண்மையில் வாழ்ந்தவரோ பொறுமையோடு பார்த்தார், குறித்தார், கற்பித்தார். பறவைகளுக்கு நன்மை செய்தது பழிவாங்கலன்று, ஸப்ர். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கோபுரக் கதிர்வீச்சுதான் சிட்டுக்குருவிகளை அழித்தது என்பதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. கூடு கட்ட இடமில்லாத வீடுகளும், குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் குறைந்ததுமே ஆய்வாளர்கள் அதிகம் சுட்டும் காரணங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டுள்ளது. கண்ணைக் கவர்ந்த செய்திக்கும் அது பொருந்தும்.

ஆயினும் படத்தைக் குறைகூறி முடிப்பது நேர்மையாகாது. ஸூரத்துல் முல்க்கை எத்தனையோ பிள்ளைகளுக்கு நாம் மனனம் செய்வித்திருக்கிறோம். தலைக்கு மேலே சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா, அர்ரஹ்மானைத் தவிர அவற்றைத் தாங்குபவர் யார் என்ற கருத்து அதில் வருகிறது. தஜ்வீத் பிழையின்றி ஓத வைத்தோம். ஒருநாளேனும் அப்பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொன்னோமா? இல்லை. நாம் செய்யத் தவறியதை ஒரு திரைப்படம் தன் வழியில் செய்துவிட்டது.

அந்த ஞாயிறு, சுபுஹுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்றோம். பத்து நிமிடம் பேசாமல் வானத்தைப் பார்க்கச் சொன்னோம். முதலில் நெளிந்தார்கள், சிரித்தார்கள். மலைப்பக்கம் வெளிச்சம் வந்ததும் காகங்கள், மைனாக்கள், கூட்டமாய்க் கிளிகள் என வரத் தொடங்கின. முன்பு சொன்ன மாணவன் மின்கம்பியில் வாலாட்டிய ஒரு சிறு பறவையைக் காட்டி, “அது பேரு என்ன ஹஜ்ரத்?” என்றான். நமக்குத் தெரியவில்லை. அதை அவனிடம் ஒப்புக்கொண்டோம். சேர்ந்து கற்போம் என்றோம்.

பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த இரக்கம் ஒரு பறவையை நின்று கவனித்த பார்வையிலிருந்து பிறந்தது.

பெற்றோரே, அரங்கில் கண்ணாடியைக் கழற்றியதும் பலரின் கை முதலில் தேடியது செல்பேசியைத்தான். கோடையில் மாடியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள். பிள்ளையோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பார்வையும் ஓர் அமானிதமே.

தன் அத்தாட்சிகளைக் கண்டு உணரும் கண்களை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.