மரக் கிண்ணமும் சோப்பு நுரையும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில், சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்த்தால், கண்ணாடி போன்ற பளபளப்பு. பொம்மைக்கும் குங்குமச் சிமிழுக்கும் இதைவிடச் சிறந்த பூச்சு கிடையாது.

ஆனால் அதே பூச்சு ஷேவிங் கிண்ணத்துக்கு ஆகாது. காரணம், கைவினைஞரின் திறமைக் குறைவல்ல, வேதியியல். சோப்பு காரத்தன்மை கொண்டது. அரக்கு காரத்தில் கரையும். வெந்நீர் பட்டால் இளகும், வெளுக்கும். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசும் பிரெஞ்ச் பாலிஷுக்கும் இதே கதிதான். சில மாதங்களில் பூச்சு உரிந்து, கிண்ணம் வெடிக்கும்போது பழி மட்டும் கடைசல்காரர் மீது விழுகிறது.

மரம் ஏன் வெடிக்கிறது? ஈரத்தில் அது உப்பும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் திசையில் மாற்றம் மிகக் குறைவு. குறுக்கே அதிகம், அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், மையத்தை நோக்கிய திசையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கிண்ணத்தின் உள்பக்கம் நனைந்து வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் இழுபறி நிச்சயம். எனவே உள்ளே மட்டும் பூசிப் பயனில்லை. அடிப்பாகத்தையும் விடக்கூடாது. நார் முனைகள் தெரியும் இடங்கள்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும்.

தேங்காய் எண்ணெய் தடவுவது பலரின் வழக்கம். அது உலர்ந்து இறுகாத எண்ணெய்; சோப்பில் கழுவிப் போய்விடும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றுப்பட்டு இறுகும். ஆனால் அவையும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது. அவ்வப்போது மீண்டும் பூசவேண்டும்.

தினசரி உபயோகத்துக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் நல்லது. அரக்கு பூசாத கிண்ணமாகக் கேட்டு வாங்கவேண்டும்; அரக்கின் மேல் இது சரியாக ஒட்டாது. எண்ணெய் சார்ந்த வார்னிஷ் என்றால், முதல் பூச்சில் டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்தால் மரத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மூன்று நான்கு முறை பூசவேண்டும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். முழுக் கடினத்துக்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தண்ணீர் காட்டினால் உழைப்பு வீண்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தேங்கி, துணி தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவைக்கவேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவைக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய வழி உண்டு: மரக் கிண்ணத்துக்குள் அடங்கும் சிறிய எவர்சில்வர் கிண்ணம். எந்த வழியானாலும், ஷேவிங் முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துக் காற்றோட்டமாக வைப்பது கட்டாயம். ஒரு கீறல் போதும், பூச்சுக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிடும். அழகுக்குப் பூசும் அரக்கையும் காவலுக்குப் பூசும் வார்னிஷையும் கடைக்காரரே பிரித்துச் சொல்லி விற்றால், கைவினைஞரின் பெயரும் கிண்ணத்தோடு சேர்ந்து நிலைக்கும்.